கருப்பட்டியின் பதம்: அன்றாடம், அடுக்களை, நினைவு

1

நினைவு என்பது இனிப்பானது என்று யாரும் கோட்பாடாகச் சொல்வதில்லை. ஆனால் உணவு பற்றி எழுத உட்கார்ந்ததும் நாமெல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். அம்மாவின் கைப்பக்குவம், ஆச்சி வீட்டு அடுக்களை, விறகடுப்புப் புகை, மழைநாளில் கருப்பட்டிக் காப்பி. நானும் எழுதியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரான உடன்குடியின் கருப்பட்டிக் காப்பி குறித்து ஒரு சிறு குறிப்பு எழுதி, அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னாள்: "நல்லாத்தாம்ல இருக்கு. ஆனா நீ குடிச்சதத்தான எழுதியிருக்க. காய்ச்சினத எழுதலியே."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் தேடும் முயற்சி. அன்றாட வாழ்வை, குறிப்பாக அடுக்களையை, யார் நினைவுகூர்கிறார்கள்? யாருக்கு மறக்க வேண்டியிருக்கிறது? எழுதுகிறவன் இந்த இருவருக்கும் நடுவில் எங்கே நிற்பது? இக்கேள்விகளை உடன்குடியை வைத்தும் இத்தாலியை வைத்தும் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இத்தாலி ஏன் என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள் உண்டு. அடுக்களை, நினைவு, அரசியல் மூன்றையும் ஒரே மூச்சில் பேசிய எழுத்துகள் அங்கே நிறைய இருக்கின்றன என்பது ஒன்று. இன்று உடன்குடிக் கருப்பட்டியின் மேல் ஒட்டப்படும் புவிசார் குறியீட்டு முத்திரைக்கும் இத்தாலிய அடுக்களைக்கும் நேரான சட்டத் தொடர்பு இருக்கிறது என்பது மற்றொன்று.

2

முதலில் பழைய கதை ஒன்று. வெனிஸ் நகரத்து வணிகரான மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவிலிருந்து திரும்பும் வழியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்தார். உடன்குடிக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் விழும் இடத்துக்கு அருகிலிருந்த காயல் துறைமுகம் அவர் நூலில் இடம்பெறுகிறது. குதிரை வணிகத்தையும் முத்துக்குளித்தலையும் பற்றி அவர் சொன்னவற்றை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். நமக்கு வேண்டியவை அவர் போகிற போக்கில் சொல்லும் சின்ன விஷயங்கள். இங்குள்ளவர்கள் வலது கையால் மட்டுமே உண்கிறார்கள், தண்ணீரைப் பாத்திரம் உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக் குடிக்கிறார்கள், தரையில் உட்காருகிறார்கள், எந்நேரமும் வெற்றிலை மெல்கிறார்கள் என்கிறார்.

இவற்றை உள்ளூரில் யாரும் எழுதிவைக்க வேண்டிய தேவை இருந்திருக்காது. "அண்ணாக்கக் குடில" என்று ஆச்சி பிள்ளைக்குச் சொல்வதோடு முடிந்துபோகிற சங்கதி. அன்றாடம் என்பது உள்ளே இருப்பவர்களுக்குக் கண்ணில் படாதது. வெளியிலிருந்து வருபவனுக்கே அது செய்தியாகிறது. ஆனால் வெளியிலிருந்து வந்தவனுக்கு வழக்கம் தெரிகிற அளவுக்கு வழக்கத்தின் உள்ளிருக்கும் அதிகாரம் தெரிவதில்லை. தூக்கிக் குடிக்கிற அந்தத் தண்ணீருக்குள் எச்சில், தீட்டு, சாதி என்று ஒரு முழு ஒழுங்கமைவே கிடக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் டீக்கடைகளில் அதுவே இரட்டைக் குவளையாக நின்றது. மார்க்கோ போலோவுக்கு அது விநோதமான ஒரு பழக்கம், அவ்வளவே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்த நூல் பயணத்தின்போது எழுதப்பட்டதல்ல. 1298இல் ஜெனோவா நகரச் சிறையில் இருந்தபோது, உடன் கைதியான ருஸ்டிகெல்லோவுக்கு மார்க்கோ போலோ நினைவிலிருந்து சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. நம் கடற்கரையின் வெற்றிலையும் குவளையும் எழுத்தாகியது இத்தாலியச் சிறை ஒன்றில்.

ஆறு நூற்றாண்டுகள் கழித்து இத்தாலியச் சிறையில் இன்னொருவர் உணவை நினைத்துக்கொண்டிருந்தார். 1926 நவம்பரில் முசோலினியின் ஆட்சி அன்டோனியோ கிராம்சியைக் கைது செய்தது. 1990களில் நம் சிறுபத்திரிகைகளுக்குள் அவர் மேலாதிக்கம் பற்றிய கோட்பாட்டாளராகவே வந்து சேர்ந்தார். பொதுப்புத்தி, குடிமைச் சமூகம், உயிர்ப்புள்ள அறிவுஜீவி என்று நாமும் நிறையப் பேசினோம். சிறையிலிருந்து தன் தாய்க்கு அவர் எழுதிய கடிதங்களை அவ்வளவாகப் பேசவில்லை. சார்டீனியத் தீவில் பிறந்த அவர், மீண்டும் எல்லோரும் வீட்டில் ஒன்றுசேரும் நாளில் போடப்போகும் பெரிய விருந்தை ஒரு கடிதத்தில் கற்பனை செய்கிறார். அதில் வரிசையாகச் சொல்லும் பலகாரங்களின் பெயர்களைப் பொது இத்தாலிய மொழியில் தராமல் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறார். ஊர்ப் பாட்டுகள், சொற்கள், திருவிழாச் சங்கதிகள் எல்லாவற்றையும் எழுதி அனுப்பும்படி வீட்டாரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த விருந்து நடக்கவேயில்லை. 1932 இறுதியில் தாய் இறந்தார். அதைக் கிராம்சியிடம் சொல்லாமல் வீட்டார் மறைத்தார்கள். 1937இல் கிராம்சியும் இறந்தார்.

இதை ஒரு சோகக்கதையாக மட்டும் வாசித்தால் நஷ்டம் நமக்கு. குறிப்பேடுகளில் அவர் சொல்லும் ஒரு கருத்தோடு சேர்த்து வாசிக்கவேண்டும். வரலாறு ஒவ்வொரு மனிதருக்குள்ளும் எண்ணற்ற தடயங்களைப் போட்டுவைத்திருக்கிறது, ஆனால் அவற்றுக்குப் பட்டியல் எதுவும் கொடுத்துவைக்கவில்லை. ஆகவே முதல் வேலை அந்தப் பட்டியலைத் தயாரிப்பது என்பது அக்கருத்தின் சாரம். தாயிடம் பலகாரப் பெயர்களைக் கேட்ட மகனும் குறிப்பேட்டில் இதை எழுதிய சிந்தனையாளரும் ஒரே ஆள்தான். நாக்கில் இருக்கும் தடயமும் அந்தப் பட்டியலில் ஒரு வரி.

3

கிராம்சி பிறந்த 1891ஆம் ஆண்டில்தான் பெல்லெக்ரினோ அர்டூசி என்ற பட்டு வணிகர் ஃபிளாரன்ஸ் நகரத்தில் ஒரு சமையல் நூலைத் தன் சொந்தச் செலவில் வெளியிட்டார். முதல் பதிப்பில் 475 குறிப்புகள். இத்தாலி ஒரு நாடாக ஒன்றிணைந்து அப்போது முப்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. ஓர் ஊர்க்காரர் பேச்சு இன்னோர் ஊர்க்காரருக்குப் புரியாத காலம். அர்டூசியின் நூலைப் படித்த பெண்கள் தங்கள் வீட்டுப் பக்குவங்களைக் கடிதமாக எழுதி அனுப்பினார்கள். அவர் செய்து பார்த்துச் சேர்த்தார். 1911இல் அவர் இறக்கும்போது குறிப்புகள் 790 ஆகியிருந்தன. இத்தாலியர்களுக்குப் பொதுவான ஒரு சமையல் மொழியை உண்டாக்கியதில் இந்நூலுக்குப் பெரிய பங்குண்டு. தேசம் என்பது அச்சு வழியாகக் கற்பனை செய்யப்படுவது என்று வாதிப்போர் நாவலையும் நாளிதழையும் காட்டுவார்கள். சமையல் புத்தகத்தையும் அந்த வரிசையில் வைக்கவேண்டும்.

இங்கே ஒரு சிறு விவரம் முக்கியமானது. அர்டூசி தனி ஆள், அவர் சமைப்பவரல்ல. அவர் வீட்டில் சமைத்துச் சோதித்துப் பார்த்தவர்கள் மரியெட்டா சபாட்டினி என்ற பெண்ணும் ஃபிரான்செஸ்கோ ருஃபில்லி என்ற சமையல்காரரும். அர்டூசி தன் உயிலில் நூலின் உரிமையை இவர்கள் இருவருக்கும் எழுதிவைத்தார். ஒரு ரொட்டிப் பலகாரத்துக்கு நூலிலேயே மரியெட்டாவின் பெயர் இருக்கிறது. அட்டையில் எசமானரின் பெயர்தான், ஐயமில்லை. ஆனாலும் அடுப்படிக்காரர்கள் கணக்கில் வருகிறார்கள்.

அந்த நூலுக்கு வெளியே இருந்த அடுக்களை வேறு. வட இத்தாலியக் கூலி விவசாயிகள் மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் பொலெந்தா என்ற களியை மட்டுமே மூன்று வேளையும் தின்று வாழ்ந்தார்கள். அதன் விளைவு பெல்லாக்ரா என்ற நோய். தோல் வெடித்து, வயிறு கெட்டு, கடைசியில் சித்தம் கலங்கும். உணவில் நியாசின் என்ற உயிர்ச்சத்து போதாமையே காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைக்கும் மெக்சிகோ மக்களுக்கு இந்த நோய் அவ்வளவாக வரவில்லை. சோளம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது, சுண்ணாம்புப் பக்குவம் கூட வரவில்லை. இன்று அதே பொலெந்தா உணவகங்களில் பாட்டி காலத்துப் பாரம்பரியமாகப் பரிமாறப்படுகிறது. தட்டில் வருவது களி; அதைத் தின்று சித்தம் கலங்கியவர்களின் கதை தட்டில் வருவதில்லை.

1986இல் ரோம் நகரின் மையத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தபோது எழுந்த எதிர்ப்பிலிருந்து, கார்லோ பெட்ரினி முதலிய இடதுசாரிப் பண்பாட்டாளர்களின் முன்முயற்சியில் 'நிதான உணவு' இயக்கம் பிறந்தது. சிறு உற்பத்தியாளரைக் காப்பது, மண்ணின் ருசியைக் காப்பது அதன் நோக்கம். ஏறக்குறைய அதே காலத்தில் பார்மா நகரத்துப் பாலாடைக்கட்டி போன்ற பெயர்களைப் பாதுகாக்க ஐரோப்பிய சமூகம் 1992இல் ஒரு சட்டம் இயற்றியது. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் 1995இல் நடைமுறைக்கு வந்தபோது இந்தக் கருத்து உலகம் முழுவதற்கும் பொதுவாகியது. அந்த ஒப்பந்தத்தின்படியே இந்தியா 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை இயற்றி 2003இல் அமலாக்கியது. அச்சட்டத்தின் கீழ் 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குக் குறியீடு கிடைத்தது. இத்தாலியப் பாலாடைக்கட்டி போட்ட பாதையில்தான் எங்கள் ஊர்ச் சிரட்டைக் கருப்பட்டி நடந்து வந்திருக்கிறது.

4

குறியீடு எதைப் பாதுகாக்கிறது? ஊர்ப் பெயரை, செய்முறையை, ருசியை. சர்க்கரை கலந்த போலிச் சரக்கு உடன்குடிப் பெயரில் விற்கும் நாளில் இது வேண்டியதுதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் செய்முறை என்று ஏட்டில் எழுதப்படும் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும்.

உடன்குடியைச் சுற்றியிருப்பது தேரி. செம்மணல் காடு. நெல் விளையாத மண்ணில் பனை நின்றது. பங்குனி பிறந்ததும் பருவம் தொடங்கும். பனையேறி விடியுமுன் கிளம்புவார். இடுப்பில் அரிவாள்பெட்டி, காலில் தளைநார், சாய்த்து மிதித்து ஏற முருக்குத்தடி. பாளையைக் கடிப்பால் இடுக்கி, நுனியைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டவேண்டும். சுண்ணாம்பு இல்லையென்றால் வடிவது புளித்துக் கள்ளாகிவிடும்; சுண்ணாம்பு இருந்தால் பதநீர். ஒவ்வொரு மரத்திலும் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. ஒருநாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்துபோகும். ஆகவே பருவம் முடியும்வரை காய்ச்சலுக்கும் சாவுக்கும்கூட விடுப்பு இல்லை. நெஞ்சும் உள்ளங்காலும் காய்த்துப்போகும். விழுந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இறக்கிய பதநீர் பெண்ணிடம் வரும். ஓலை வேய்ந்த விடிலிக்குள் பெரிய சட்டியில் ஊற்றி, காய்ந்த ஓலையும் மட்டையும் எரித்து மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இந்த அடுப்பு. ஏறத்தாழ எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வற்றினால் ஒரு கிலோ கருப்பட்டி. பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்கள். பதம் வந்ததும் இறக்கி, துடுப்பால் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடவேண்டும். பதம் முந்தினால் கருப்பட்டி இளகும், பிந்தினால் கருகும். அன்றைக்கு ஏறின ஏற்றமெல்லாம் போச்சு.

சரக்கு உருவான பிறகு அது யாருடையது? மரம் ஒருவருடையது, ஏற்றம் இன்னொருவருடையது. பருவம் தொடங்குமுன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். விலையை அவர் சொல்லுவார், கழிவை அவர் கணக்குப் பார்ப்பார். மரம் தேடி இராமநாதபுரம் பக்கம் குடும்பத்தோடு போய் மாதக்கணக்கில் விடிலியிலேயே வாழ்ந்தவர்களும் உண்டு; பிள்ளைகளின் படிப்பு அந்த மாதங்களில் நின்றுபோகும். 1987இலிருந்து கள்ளுக்குத் தடை வந்தபின், கலயத்தில் இருப்பது பதநீர்தான் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் பனையேறியின் தலையில் விழுந்தது. மாநில மரம் என்ற மரியாதை பனைக்கு 1978லேயே கிடைத்துவிட்டது. ஏறுகிறவருக்கு அந்த மரியாதை வரவில்லை.

கருப்பட்டிக் காப்பியில் பால் ஊற்றினால் திரிந்துபோகும், அதனால் கடுங்காப்பிதான். அடியில் கொஞ்சம் மண்டி நிற்கும். பட்டணத்துக் கடைகளில் இன்று அதையும் ருசி என்கிறார்கள். மண்டி சாம்பலும் சுண்ணாம்பும். அதாவது விடிலியும் கலயமும்.

5

இதுவரை சொன்னதிலிருந்து ஒரு சுலபமான முடிவுக்கு வரலாம்: ருசியின் பின்னாலுள்ள உழைப்பை நினைவுகூர்வோம். அரங்கில் கைதட்டு விழும். என் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

என் தாத்தா பனையேறி. அப்பா பத்து வருசம் ஏறிவிட்டுச் சென்னைக்கு மளிகைக்கடை வேலைக்குப் போனார். நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். இந்த மூன்று வாக்கியங்களும் எங்கள் வீட்டில் ஒருபோதும் சேர்ந்தாற்போலப் பேசப்பட்டதில்லை. புது வீடு கட்டியபோது தாத்தாவின் முருக்குத்தடியையும் அரிவாள்பெட்டியையும் அம்மா கொண்டுவர விடவில்லை. "அந்தச் சனியன் இந்த வீட்டு நடைய மிதிக்கக்கூடாது" என்றாள். கல்லூரி விடுதியில் ஒரு சண்டையில் என்னைப் பார்த்து 'பனையேறி' என்று கத்தியவன் அதை வசவாகத்தான் சொன்னான். நானும் அதை வசவாகத்தான் கேட்டேன். பொதுப்புத்தி என்பது எதிராளியின் மண்டைக்குள் மட்டும் இருப்பதில்லை.

எங்கள் சமூகத்தில் வியாபாரத்துக்குப் போனவர்களுக்கும் மரத்திலேயே நின்றவர்களுக்கும் இடையிலான தூரம் பழையது. ஏறினவர்கள் மறக்கத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். அந்த மறதி சம்பாதிக்கப்பட்ட மறதி. அதை ஏதோ வேரை இழந்த குற்றம் போலப் பேசுவதற்கு நமக்கு உரிமை கிடையாது. பொலெந்தாவை மறந்துவிட்டு வெள்ளை ரொட்டிக்கும் இறைச்சிக்கும் ஓடிய இத்தாலிய விவசாயியின் மகனிடம் போய், பாரம்பரியத்தைக் கைவிட்டாயே என்று கேட்பது எவ்வளவு அபத்தம்! ஏறாதவர்களுக்கு நினைவு தேவைப்படுகிறது, ஏறியவர்களுக்கு மறதி தேவைப்படுகிறது. ருசியின் சொல்லாடல் முழுக்க முதலாமவர்களால் கட்டமைக்கப்படுகிறது.

அப்படியானால் எழுதாமலே விட்டுவிடலாமா? அதுவும் முடியாது. மறந்ததெல்லாம் போய்விடுவதில்லை, பட்டியலில் ஏறாத தடயமாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது, முருக்குத்தடி என்ற பெயரைக் கேட்டதும் அம்மாவுக்கு வரும் கோபமாக.

6

நத்தாலியா ஜின்ஸ்பர்க் 1963இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலுக்குக் 'குடும்ப அகராதி' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். டூரின் நகரத்தில் பாசிச எதிர்ப்பாளர்களான யூதக் குடும்பம். அப்பா உடற்கூறியல் பேராசிரியர், சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே இருப்பவர். அவருடைய வசவுகள், அம்மா திரும்பத் திரும்பச் சொல்லும் பழைய வேடிக்கைகள், வீட்டுக்கு மட்டுமே பொருள் விளங்கும் சொற்கள் இவற்றாலேயே நூல் நகர்கிறது. கணவர் லியோன் ஜின்ஸ்பர்க் 1944இல் ரோம் நகரச் சிறையில் சித்திரவதைக்குப் பின் இறந்தார். அதை அவர் மிகச் சில வரிகளில் சொல்லி நகர்ந்துவிடுகிறார். பெரிய வரலாற்றைச் சொல்ல வீட்டுச் சொற்களே போதும் என்ற நம்பிக்கை அது. நம்மிடையே தொ.பரமசிவன் 1997இல் 'அறியப்படாத தமிழகம்' நூலில் உப்பையும் உணவையும் வைத்துப் பண்பாட்டைப் பேசியதும், ஆ.சிவசுப்பிரமணியன் பனையை மையமாக வைத்துச் சமூக வரலாறு எழுதியதும் இதற்கு அடுத்துள்ள வேலைகள்.

எங்கள் வீட்டு அகராதியில் முதல் சொல் எது என்று யோசித்தேன். 'பதம்'. சோறு பதம், குழம்பு பதம், பேச்சுக்கும் பதம். அப்பாவுக்குக் கோபம் வந்தால் "பதம் பாத்துப் பேசு" என்பாள் அம்மா. தமிழில் பதம் என்றால் சொல் என்றும் பொருள். இலக்கண வகுப்பில் பகுபதம், பகாப்பதம் படித்த எனக்கு இரண்டும் ஒரே சொல் என்பது விடிலியிலிருந்து வரவேண்டியிருந்தது.

முந்தைய குறிப்பு தோற்றபின், இந்தத் தடவை காய்ச்சுவதையும் எழுதி அம்மாவுக்கு வாசித்தேன். பதம் பார்க்க ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்கள் என்று நான் எழுதியிருந்தேன், புத்தகத்தில் படித்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாருல சொன்னா? நூறு சட்டி காய்ச்சினவ ஒவ்வொரு தடவையும் தண்ணில விட்டுப் பாத்துக்கிட்டா இருப்பா? கொதி சத்தம் மாறும். மொதல்ல சளசளன்னு கெடக்கும், பொறவு பொத்து பொத்துன்னு கேக்கும். அப்பவே தீயை இழுத்துரணும்." அதைச் சொன்ன கையோடு மற்றதும் வந்தது. எந்த வருசம் எந்தக் காட்டில் விடிலி போட்டார்கள், முன்பணம் எவ்வளவு, பாகு தெறித்து முழங்கை வெந்தது எப்போது, அதற்கு என்ன தடவினார்கள். முருக்குத்தடியைப் பற்றிப் பேச மறுத்தவள், தப்பான பக்குவத்தைப் பொறுக்கமாட்டாமல் பேசினாள்.

இதை ஒரு முறையியலாகவே நம் நண்பர்கள் முன் வைக்கிறேன். வேலை செய்தவர்களிடம் போய் உங்கள் துயரத்தைச் சொல்லுங்கள் என்று கேட்பது வேண்டாம். வேலையைக் கேளுங்கள். சத்தம், வாசம், அளவு, கருவிகளின் பெயர், கூலி, கடன், காயம். ஊருக்கு ஊர் மாறும் சொல்லைத் திருத்தாமல் எழுதுங்கள். சொல்ல மறுப்பதையும் மறுப்பாகவே பதிவு செய்யுங்கள். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டித் திருத்தம் வாங்குங்கள். எழுத்தால் பணம் வந்தால் பங்கு கொடுங்கள்; அர்டூசி 1911லேயே அதைச் செய்திருக்கிறார். குறியீட்டுக்கான ஏட்டில் பக்குவம் பதிவாவது போலவே பருவத்துக்கு முன் வாங்கும் கடனும், மரத்திலிருந்து விழுந்தால் கிடைக்கும் அல்லது கிடைக்காத இழப்பீடும் பேசப்படவேண்டும் என்று கேட்க இது நமக்கு ஆதாரமாகும்.

காலமும் குறைவு. உடன்குடியில் இன்று பேச்சு வேறு. தலா 660 மெகாவாட் கொண்ட இரண்டு அலகுகளோடு அனல்மின் நிலையம், பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம். கொதி சத்தத்தை வைத்துப் பதம் சொல்லத் தெரிந்த பெண்கள் எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையையும் அம்மாவுக்கு வாசித்தேன். முருக்குத்தடி வரும் இடத்தில் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே கேட்டாள்: "ஆமணக்கு முத்து எத்தனன்னு போட்டிருக்கியா?" போடவில்லை. ஒரு பெரிய சட்டிக்கு நாலு.